பூவிளந்தாங்கலின் நாடி

மோனிஷாவுக்குத் திங்கட்கிழமை காலையில் எங்கேயும் போக வேண்டிய வேலை கிடையாது. அவள் தைப்பது வீட்டில். ரவிக்கையும் பள்ளிச் சீருடையுமாகத் துணி வீடு தேடி வந்துவிடும். ஆனாலும் ஏழு நாற்பதுக்கு அவள் பஸ் ஸ்டாப்பில் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் ஏழு நாற்பத்தைந்துக்கு யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். கோபமாகத் தட்ட மாட்டார்கள், அதுதான் கொடுமை. கையில் கிண்ணத்தில் சுடச்சுடப் பொங்கல் இருக்கும். "சாப்ட்டுட்டுக் கெளம்பு மோனிஷா, பஸ்ஸு வந்துறப் போவுது" என்பார்கள். பொங்கலைத் தின்றுவிட்டு வர மாட்டேன் என்று சொல்ல எந்த மனுஷிக்கு நாக்கு எழும்பும்?

பூவிளந்தாங்கல் குடியிருப்பு சென்னையின் தெற்கு ஓரத்தில், ஒரு காலத்தில் ஏரியாக இருந்த இடத்தில் இருக்கிறது. ஆற்றங்கரையிலிருந்து கிளப்பப்பட்டவர்களைக் கொண்டுவந்து இறக்கிய இடம். பன்னிரண்டு பிளாக், இரண்டாயிரம் சொச்சம் ஜனம். குடியிருப்போர் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் மூன்று வருஷமாக ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. திங்கள் பஸ், செவ்வாய் ஆஸ்பத்திரி, புதன் ரேஷன் கடை, வியாழன் நாலாவது பிளாக்குக்குப் பின்னால் விளக்கில்லாத சந்தில் இரண்டு நடை, வெள்ளி குழாயடி. தாளில் பெயர் எதுவும் இல்லை. அது மோனிஷாவின் வாரம் என்று கைக்குழந்தைக்கும் தெரியும்.

எல்லாம் நாடியால் வந்த வினை. பஸ் எந்தத் தெருவில் ஓடுவது, டாக்டர் எங்கே உட்காருவது, தண்ணீரை எப்போது திறப்பது என்பதையெல்லாம் இப்போது கவுன்சிலர் முடிவு செய்வதில்லை, நாடி என்ற கணக்கு முடிவு செய்கிறது. அது வந்த புதிதில் அதை நடத்தும் வாரியத்து ஆள் ஒருவர் மைக்கைப் பிடித்து விளக்கியது இன்றும் எல்லோருக்கும் மனப்பாடம்.

"வைத்தியர் ஒடம்பு பூரா தடவிப் பாக்குறாரா? மணிக்கட்டப் புடிச்சா போதும்ல? அதே மாதிரிதான். எல்லார் போனையும் நோண்டிப் பாக்கக் கூடாதுன்னு கோர்ட்டு சொல்லிருச்சு. அதனால ரெண்டாயிரம் பேருக்கு ஒருத்தர். குலுக்கல்ல விழும். அவர் எங்க போறார், எவ்வளவு நேரம் காத்து நிக்கிறார், எங்க மூச்சு வாங்குறார்னு மட்டும் பாப்போம். அது யாருன்னு அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது."

யாரென்று தெரியாது என்று சொன்னால் சும்மா இருக்கிற ஊரா அது? மோனிஷா ஒரு நாள் ஐம்பது நிமிஷம் வெயிலில் நின்று மயங்கி விழுந்தாள். அடுத்த வாரம் இன்னொரு பஸ் விட்டார்கள். லிஃப்ட் ஓடாமல் தையல் மெஷினை நாலு மாடி தூக்கிக்கொண்டு ஏறினாள். மூன்றாம் நாள் லிஃப்ட் ஓடியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லாமல் திரும்பி வந்தாள். மாதம் முடிவதற்குள் டாக்டர் வந்து உட்கார்ந்துவிட்டார். அடுத்த வீட்டு ஷகிலாதான் முதலில் சொன்னது: "நீ கஷ்டப்பட்டா வந்துருதுடி எல்லாம்." காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று விட்டிருக்கலாம். ஆனால் பனம்பழம் மூன்று தரம் விழுந்தால் ஜனங்கள் காக்கையைப் பிடித்துக் கட்டிப்போட்டு விடுவார்கள்.

முதல் வருஷம் மோனிஷாவுக்கே அது பிடித்திருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை. புருஷன் விட்டுவிட்டுப் போனவள், நல்லது கெட்டதுக்குக் கூப்பிட ஆளில்லாதவள். திடீரென்று அவள் ஒரு நடை நடந்தால் தெருவுக்கு விளக்கு வருகிறது என்றால் யாருக்குத்தான் தலை நிமிராது? துணைக்குப் பத்துப் பேர் கூடவே வருவார்கள், ஆஸ்பத்திரி நாளில் முப்பது நாற்பது பேர். இரண்டாவது வருஷம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வாசலில் நின்ற முகங்களையெல்லாம் பார்த்தாள். "நல்ல ஜுரமா?" என்று ஒருத்தி ஆசையாகக் கேட்டாள். அன்றைக்குத்தான் அவளுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

மூன்றாவது வருஷம் ஓசூரிலிருந்து மகள் யாழினி போன் செய்தாள். வயிற்றில் எட்டு மாதம். மாப்பிள்ளை கிரணைக் கம்பெனி புனேக்கு அனுப்பியிருக்கிறது. வீட்டுக்கு எதிரிலேயே நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது, கூட இருக்கத்தான் ஆளில்லை. "நீ வந்துரும்மா" என்றாள். வராமல் என்ன என்று மோனிஷா பையை எடுத்துத் தூசி தட்டினாள். விஷயம் வாசல் கேட் வரை போவதற்குள் சங்கத்தில் கூட்டம் போட்டுவிட்டார்கள்.

சங்கச் செயலாளர் தணிகாசலம், ரிட்டையரான பஸ் கண்டக்டர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன்.

"மூணே மாசம்ணே" என்றாள் மோனிஷா. "புள்ளைக்கு ரெண்டு மாசம் ஆனதும் வந்துர்றேன்."

"மூணு மாசம் நீ ஓசூர்ல நடந்தா நம்ம பஸ்ஸும் ஓசூருக்குப் போயிரும்மா."

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"தலைப்பிரசவம் தாய் வீட்லதானே? ஊர் ஒலகத்துல நடக்குறதுதானே? பொண்ண இங்க கூட்டியாந்துரு. நாங்கல்லாம் இல்ல?"

"இங்க பிரசவம் பாக்குற எடம் எங்கண்ணே இருக்குது? பதினாலு கிலோமீட்டர் போவணும். ஆம்புலன்ஸ் வந்து சேர்றதுக்குள்ள..."

"அதான்மா வேணும்" என்றார் தணிகாசலம்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்.

"எம் பொஞ்சாதி பாக்கியம் நெஞ்ச புடிச்சுட்டு உக்காந்தா. போன் போட்டு அம்பத்தஞ்சு நிமிஷம். என் மடியிலதான் போனா. அவ நாடி ஆளு இல்ல. அதனால அவ செத்தது எதுலயும் ஏறல. உன் வீட்டு வாசல்ல ஒரே ஒரு வாட்டி லேட்டாச்சுன்னா அது ஏறும். அப்புறம் இங்க யாருக்கும் லேட்டாவாது."

"எம் பொண்ணுக்கு எதனா ஆச்சுன்னா?"

"ஒண்ணும் ஆவாது. வயசுப் பொண்ணு, கொஞ்ச நேரம் வலி தாங்கும். ரஃபி ஆட்டோவ ரெடியா நிக்க வைக்கிறேன். மீறிப் போனா அதுல ஏத்திரலாம்."

வேண்டாம் என்று சொல்ல ஒரு முகமாவது இருக்காதா என்று மோனிஷா சுற்றிலும் பார்த்தாள். ரஃபியின் பெண்டாட்டியான ஷகிலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷம் தின்ற பொங்கலெல்லாம் மோனிஷாவுக்குத் தொண்டைக்கு வந்தது.

அடுத்த திங்கட்கிழமை அவள் ஒழுங்காக பஸ் ஏறினாள். இரண்டு ஸ்டாப் போய் இறங்கி, எதிர் பஸ்ஸில் திரும்புவது வழக்கம். இரண்டாவது ஸ்டாப்பில் துணைக்கு வந்தவர்கள் இறங்கி நின்றார்கள். மோனிஷா எழுந்திருக்கவில்லை. ஷகிலா வெளியிலிருந்து கையை நீட்டி என்னவோ கத்தினாள். அதற்குள் கதவு மூடிக்கொண்டது.

வாரியத்து ஆபீஸில் நவநீதன் என்ற அதிகாரி உட்கார்ந்திருந்தார். சின்ன வயசு, அலுப்பான முகம்.

"என் பேர எடுத்துருங்க சார்" என்றாள் மோனிஷா.

"எதுல இருந்தும்மா?"

"நாடில இருந்து."

"நீங்க நாடில இருக்கீங்கன்னு யாரு சொன்னது?"

"ஊரே சொல்லுது."

"உங்க பேர எடுக்கணும்னா மொதல்ல இருக்கான்னு நான் பாக்கணும். பாத்தா என்னைத் தூக்கி உள்ள வச்சிருவாங்க. எனக்கு அதத் தொறந்து பாக்குற அதிகாரமே கிடையாது."

"அப்ப நான் இல்லன்னாவது ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. அத காட்டிட்டுப் போயிர்றேன்."

"இல்லன்னு எழுதறதுக்கும் பாக்கணுமேம்மா."

முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் வந்தால் உதைக்கிறது. மோனிஷாவுக்கு அழுகை முட்டியது. மூன்று வருஷக் கதையையும் கொட்டித் தீர்த்தாள். கேட்டுக்கொண்டே வந்த நவநீதன் நடுவில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எத்தன வருஷம்னு சொன்னீங்க?"

"மூணு."

"ஆறு மாசத்துக்கு ஒரு வாட்டி ஆளு மாறும்மா. ஒருத்தரே மூணு வருஷம் இருக்கவே முடியாது. சட்டத்துலயே இருக்கு. அதோ, செவுத்துல ஒட்டியிருக்கோம் பாருங்க."

"அப்ப பஸ்ஸு? டாக்டரு?"

"நாடி மட்டுமாம்மா பாக்குறோம்? பஸ்ஸுல ஏறுற தலையையும் எண்ணுறோம், ஆஸ்பத்திரி சீட்டையும் எண்ணுறோம். செவ்வாக்கெழம செவ்வாக்கெழம நாப்பது பேரு போயி நின்னா எந்த ஆஸ்பத்திரிக்குத்தான் டாக்டர் போடாம இருப்பாங்க? உங்களால வரல அது. உங்கள விடாம பாத்துக்க வந்தாங்களே, அவங்களால வந்துச்சு."

மோனிஷா சுவரில் இருந்த தாளைப் போனில் படமெடுத்துக்கொண்டாள். திரும்பும் பஸ்ஸில் தனக்குத் தானே சிரித்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார். அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. மூன்று வருஷத்துக்குப் பிறகு ஒரு பஸ்ஸில் தன் சொந்த வேலையாகப் போய்வருகிறாள்.

கேட்டில் பாதி ஊர் நின்றிருந்தது. மோனிஷா படத்தைக் காட்டினாள், நவநீதன் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னாள். தணிகாசலம் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"வேற என்னாம்மா சொல்லுவான்? ஆமா, நீதான்னா சொல்லுவான்? யாருன்னு தெரியக் கூடாதுங்கறதுதானே அவனுக்கு வேல."

"இந்தச் சட்டம்?"

"பஸ்ஸுல முப்பத்தஞ்சு பேரு உக்காரலாம்னுகூடச் சட்டந்தான். நான் தொண்ணூறு பேர ஏத்தியிருக்கேன்." அவர் குரல் அப்போதும் உயரவில்லை. "வீட்டுக்குப் போ. உனக்கு ஆள் வந்திருக்குது."

வீட்டுக் கட்டிலில் யாழினி உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. பக்கத்தில் பெட்டி.

"நீ கீழ வுழுந்துட்டேன்னு ஷகிலா ஆன்ட்டி காலைல போன் பண்ணாங்க. நான் அப்படியே டாக்சி வச்சு வந்துட்டேன். நல்லாத்தானேம்மா இருக்கே?"

மோனிஷா மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அது சந்தோஷ அழுகை என்று யாழினி நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பதினோரு நாள். மோனிஷா ஓசூருக்குப் போக இரண்டு முறை டாக்சி வரச் சொன்னாள், இரண்டு முறையும் கேட்டில் இருந்தவர்கள் விலாசம் தப்பு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிரணுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமைதான் லீவு, வந்து கூட்டிப்போகிறேன் என்றான். இதற்கிடையில் வேளைக்கு ஒரு வீட்டுச் சாப்பாடு வந்தது, வளையல் வந்தது, குங்குமப்பூகூட வந்தது. "இவங்கல்லாம் ஏம்மா வந்தா என் மூஞ்சியப் பாக்காம வயித்தையே பாக்குறாங்க?" என்றாள் யாழினி. அன்று மத்தியானம் மோனிஷா அவளிடம் உண்மையைச் சொன்னாள். யாழினி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பனிக்குடம் உடைந்தது.

மோனிஷா மகளைத் தாங்கிக்கொண்டு கீழே வந்தபோது ஊரே கேட்டில் கூடிவிட்டது. அந்த ஊரின் ஒரே ஆட்டோ அங்கேதான் நின்றது. ரஃபி அதன் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். சாவி தணிகாசலத்தின் சட்டைப் பையில் இருந்தது. அவரே போன் போட்டு ஆம்புலன்ஸ் கேட்டார். விலாசத்தை இரண்டு முறை தெளிவாகச் சொன்னார். பிறகு எல்லோரும் அவரவர் போனில் மணியைப் பார்த்தார்கள். பத்து பன்னிரண்டு.

"சாவியக் குடுங்கண்ணே." மோனிஷா அவர் சட்டையைப் பிடித்துவிட்டாள். "கால்ல வுழுறேன், சாவியக் குடுங்க."

"இருவது நிமிஷம்மா. இருவதே நிமிஷம் பாப்போம். அப்புறம் நானே தூக்கி ஏத்துறேன், சத்தியமா."

அவர் சாவி இருந்த பையைக் கையால் பொத்திக்கொண்டார். யாழினி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி விசிறினாள். விசிறியவளும் ரோட்டைத்தான் பார்த்தாள். வண்டி வந்துவிடக் கூடாது என்று அத்தனை பேரும் வேண்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்பது மோனிஷாவுக்குத் தெரியும். அவர்களில் ஒருத்தர்கூடக் கெட்டவர் இல்லை என்பதும் தெரியும். அதனால் வெறுப்பு குறையவில்லை.

பத்து பதினெட்டுக்குச் சைரன் கேட்டது.

வழிவிடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அந்த முகங்களில் மோனிஷா பார்த்தது ஏமாற்றம். ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்துவிட்டதே என்று இரண்டாயிரம் பேர் வருத்தப்பட்டதை அவள் கண்ணால் பார்த்தாள். நர்ஸ் குதித்து இறங்கி யாழினியிடம் ஓடினாள். டிரைவர் ஸ்ட்ரெச்சரை இழுத்தார்.

"எங்கருந்துப்பா வர்றே?" என்று கேட்டார் தணிகாசலம்.

"பம்பு ஹவுஸ்ல இருந்துதான் சார். மூணு வருஷமா அங்கதானே வண்டி நிக்குது."

"பம்பு ஹவுஸா? எங்க யாருக்கும் தெரியாதே."

"போன் பண்ணாதானே சார் தெரியும்? இந்தப் பக்கத்துல யாரோ ஒரு அம்மா அம்பத்தஞ்சு நிமிஷம் காத்திருந்து தவறிட்டாங்கன்னு ரெகார்டுல இருந்துச்சாம். அதுக்குன்னு போட்ட வண்டி. உங்க குடியிருப்புல இருந்து இதான் மொத போனு. யாருக்கும் தேவையில்ல போலன்னு ஒண்ணாந்தேதியோட எடுக்கச் சொல்லிட்டாங்க."

உண்மைதான். பாக்கியம் போனதிலிருந்து வராத வண்டிக்கு எதற்கு போன் என்று எல்லோரும் ரஃபியின் ஆட்டோவைத்தான் கூப்பிட்டார்கள். நெஞ்சுவலியோ, பாம்புக்கடியோ, எல்லாம் ஆட்டோதான். இரண்டு பேர் அந்த ஆட்டோவிலேயே செத்தும் போனார்கள். ஏரி மேட்டுக்கு அந்தப் பக்கம் பம்பு ஹவுஸில், நடந்தால் பத்து நிமிஷத்தில், வண்டி காத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

தணிகாசலம் யாழினி எழுந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் கதவு மூடும்போது மோனிஷா அவரைப் பார்த்தாள். அவர் எதையும் பார்க்கவில்லை.

ஒன்று இருபதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். மோனிஷா பதிவு மேஜைக்கு முன்னால் வரிசையில் நின்றாள். பூவிளந்தாங்கலிலிருந்து போனுக்குச் செய்தி மேல் செய்தி. வாழ்த்து இரண்டு, மற்றதெல்லாம் ஒரே விஷயம்: குழந்தையை நம்ம ஏரியாவில் பதியச் சொல், புதுசாக ஒரு தலை கூடும், உன் பேத்தி என்றால் நாடிக் குலுக்கலில் கண்டிப்பாக விழும். மோனிஷா போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். அப்போதுதான் பின்னால் சுவரோரமாகத் தணிகாசலம் நிற்பதைப் பார்த்தாள். ரஃபியின் ஆட்டோவில் வந்திருக்க வேண்டும். இங்கேயும் விட மாட்டார்களா?

மேஜையில் இருந்த பெண் நிமிராமல் கேட்டாள். "கொழந்த எந்த ஏரியாம்மா? ஆம்புலன்ஸ் சீட்டுல பூவிளந்தாங்கல்னு இருக்கு. அதையே போட்டுரட்டா?"

மோனிஷா வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஓசூர்னு போடும்மா."

தணிகாசலம் பக்கத்தில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"மூணு வருஷமா நிக்குதாம்மா அந்த வண்டி" என்றார் மோனிஷாவிடம்.

"தாயையும் பிள்ளையையும் கூட இருந்து பாத்துக்கறது யாரு?" என்றாள் மேஜைப் பெண்.

"இவங்க" என்று தணிகாசலம் மோனிஷாவைக் காட்டினார். "இவங்களும் ஓசூருக்குத்தான் போறாங்க."

"எவ்வளவு நாளைக்கு? மூணு மாசம்னு போடவா, நிரந்தரமான்னு போடவா?"

தணிகாசலம் பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார். "அத அவங்களக் கேளும்மா" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் நடந்தார்.

மேஜைப் பெண் இப்போதுதான் நிமிர்ந்து மோனிஷாவைப் பார்த்தாள். வரிசையில் பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். மோனிஷா அவசரப்படவில்லை.

"தெரியலம்மா" என்றாள். "அந்தக் கட்டத்த எழுதாம விட்டுருங்க."